பத்துக் கப்பல் தெரிகிறது

1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. கொழும்புத் துறைமுகத்தின் மேல் குண்டு போட்டுவிட்டு ஜப்பானிய விமானங்கள் தம் கப்பல்களுக்குத் திரும்பியிருந்தன. இலங்கைக்குத் தென்மேற்கே வெகுதூரத்தில், இன்னொரு ஜப்பானிய விமானம் தன்னந்தனியாகக் கடலைத் துழாவிக்கொண்டிருந்தது. அதற்குச் சக்கரம் கிடையாது. வயிற்றுக்கு அடியில் மிதவைகள்தான். டோனே என்ற குரூசர் கப்பலிலிருந்து கிளம்பி வந்த வேவு விமானம் அது. காலை பத்து மணி வாக்கில் அதில் இருந்தவர்களின் கண்ணில் இரண்டு கப்பல்கள் பட்டன. அவர்கள் தாக்க முயலவில்லை. தந்தி அடித்தார்கள்.

பிற்பகல் இரண்டு மணிக்கெல்லாம் பிரிட்டிஷ் கடற்படையின் கார்ன்வால், டார்செட்ஷர் என்ற இரண்டு பெரிய குரூசர்களும் கடலடிக்குப் போய்விட்டன. 53 குண்டுவீச்சு விமானங்கள் செங்குத்தாகப் பாய்ந்து தாக்கின. இருபது நிமிடம்கூட ஆகவில்லை. 424 பேர் இறந்தார்கள். தப்பிய 1,100க்கும் மேற்பட்டவர்கள் எண்ணெய் படர்ந்த கடலில், வெயிலிலும் இருட்டிலும், ஏறக்குறைய முப்பது மணி நேரம் மிதந்த பிறகே மீட்கப்பட்டார்கள்.

இந்தச் சம்பவத்தைச் சொல்கிறவர்கள் அந்த 53 விமானங்களைப் பற்றித்தான் சொல்வார்கள். இரண்டாம் உலகப் போரின் பசிபிக் கதைகள் பெரும்பாலும் அப்படித்தான். ஜீரோ சண்டை விமானத்தைத் தெரியாதவர் இல்லை. டார்பிடோ விமானங்களைப் பற்றிப் புத்தகம் புத்தகமாக வந்திருக்கிறது. ஆனால் ராடாரும் செயற்கைக்கோளும் கைகொடுக்காத காலத்தில், கண்ணுக்கெட்டாத கடலில், எதிரி எங்கே இருக்கிறான் என்று யார் போய்ப் பார்த்தது? ஜப்பானியக் கடற்படையில் அந்த வேலையின் பெரும்பகுதி மிதவை விமானங்களின் தலையில் விழுந்தது. அவற்றில் முக்கியமானது ஐச்சி நிறுவனம் வடிவமைத்த ஈ13ஏ. நேசநாட்டுப் படைகள் அதற்கு வைத்த பெயர் ஜேக்.

மூன்று பேர் உட்காரும் விமானம். முன்னே விமானி. நடுவில் கண்காணிப்பாளர், திசை கணக்கிடுவதும் கடலைப் பார்ப்பதும் அவர் பொறுப்பு. பின்னே வானொலிக்காரர், ஆபத்து வந்தால் ஒற்றை 7.7 மில்லிமீட்டர் துப்பாக்கியைப் பிடிக்க வேண்டியவரும் அவர்தான். இறக்கையின் அகலம் பதினாலரை மீட்டர். உச்ச வேகம் மணிக்கு 376 கிலோமீட்டர். அன்றைய சண்டை விமானம் ஒன்று துரத்தினால் தப்பிக்கப் போதாத வேகம். ஆனால் அதன் பலம் வேகத்தில் இல்லை. ஒரே மூச்சில் 2,000 கிலோமீட்டருக்கு மேல் பறக்கும். நிதானமாகப் பறந்தால் பதினைந்து மணி நேரம்வரை ஆகாயத்தில் தங்கும். 1940 இறுதியில் கடற்படை இதை ஏற்றுக்கொண்டது. போர் முடிவதற்குள் 1,418 விமானங்கள் கட்டப்பட்டன.

கப்பலிலிருந்து இதைக் கிளப்புவதே ஒரு பெரிய காரியம். ஓடுதளம் கிடையாதே! தளத்தில் பொருத்திய ஒரு நீளமான உலோகத் தண்டவாளத்தின் மேல் விமானத்தை ஏற்றி நிறுத்துவார்கள். இன்ஜின் முழு வேகத்தில் உறும, வெடிமருந்து வெடிக்கும். அந்த விசையில் விமானம் சில நொடிகளில் கப்பலின் விளிம்பைத் தாண்டி எறியப்படும். உள்ளே இருப்பவர்கள் தலையைப் பின்னால் சாய்த்து இறுக்கி வைத்துக்கொள்ளாவிட்டால் கழுத்து தாங்காது.

திரும்பி வருவது அதைவிடக் கஷ்டம். நடுக்கடலில் அலை சும்மா இருக்காது. அதனால் தாய்க்கப்பல் வளைந்து திரும்பும். திரும்பிய தடத்தில் கொஞ்ச நேரத்துக்கு நீர் வழவழவென்று படிந்திருக்கும். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் விமானி இறங்கி, கப்பலின் பக்கவாட்டுக்கு ஓட்டிவந்து சேர்க்க வேண்டும். மேலேயிருந்து கிரேனின் கொக்கி தொங்கும். விமானமும் ஆடும், கப்பலும் ஆடும், கொக்கியும் ஆடும். குழுவில் ஒருவர் விமானத்தின் முதுகில் ஏறி நின்று, கையால் அந்தக் கொக்கியைப் பிடித்து மாட்ட வேண்டும். பல மணி நேரம் உட்கார்ந்தே வந்து கால் மரத்துப்போன ஆளுக்கு இது சாதாரண வேலை இல்லை.

அதற்கு முன் தாய்க்கப்பலைக் கண்டுபிடிக்க வேண்டும் அல்லவா? அது விட்ட இடத்தில் நின்றிருக்காது. வேகம், திசை, கடந்த நேரம், காற்று தள்ளிய தூரம் ஆகியவற்றை வைத்துக் கண்காணிப்பாளர் மடியில் வைத்த வரைபடத்தில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே வருவார். காற்று எந்தப் பக்கம் எவ்வளவு தள்ளுகிறது என்பதை அலைகளின் முகத்தைப் பார்த்து மதிப்பிடுவார். ஒரு பாகை தவறினால் நூற்றுக்கணக்கான மைல் முடிவில் பல மைல் விலகிப்போகும். இந்தச் சிறு பிழை பின்னால் மிட்வே தீவுச் சண்டையில் எப்படி வந்து நின்றது என்பதைப் பார்க்கப் போகிறோம்.

ஜப்பானியக் கடற்படை இந்த விமானங்களை நம்பியதற்குப் பின்னால் ஒரு கொள்கை இருந்தது. விமானம் தாங்கிக் கப்பலில் இருக்கும் ஒவ்வொரு விமானமும் தாக்குவதற்கே. தேடுவதற்கு அவற்றைச் செலவழிக்கக் கூடாது. தேடுகிற வேலையைக் குரூசர்களும் போர்க்கப்பல்களும் சுமக்கும் மிதவை விமானங்கள் பார்த்துக்கொள்ளட்டும். இதற்காகவே டோனே, சிக்குமா என்ற இரட்டைக் குரூசர்களைக் கட்டினார்கள். எட்டுப் பெரிய பீரங்கிகளையும் நான்கு கோபுரங்களில் கப்பலின் முன்பகுதியிலேயே அடுக்கிவிட்டு, பின்பகுதி முழுவதையும் மிதவை விமானங்களுக்கு விட்டுவிட்டார்கள். படத்தில் பார்த்தாலே தெரியும். வேறு எந்தக் குரூசர் போலவும் அவை இல்லை.

1941 டிசம்பர் 7 காலை, பேர்ல் துறைமுகத்துக்கு முதலில் போய் எட்டிப்பார்த்ததும் இந்த இரண்டு கப்பல்களின் மிதவை விமானங்கள்தான். அமெரிக்கப் போர்க்கப்பல்கள் துறைமுகத்துக்குள்ளேயே நிற்கின்றன என்று சிக்குமாவின் விமானம் சொன்னது. காற்றின் திசையையும் மேகத்தின் உயரத்தையும்கூடச் சேர்த்து அனுப்பியது. லஹைனா என்ற இன்னொரு நங்கூரத் துறையில் யாரும் இல்லை என்று டோனேயின் விமானம் சொன்னது. தாக்குதல் அணி அந்தத் தகவலோடுதான் உள்ளே நுழைந்தது.

இலங்கைக் கடலில், கார்ன்வாலும் டார்செட்ஷரும் மூழ்கி நான்கு நாள் கழித்து, மறுபடி அதே கதை. ஏப்ரல் 9 காலை திருகோணமலை தாக்கப்பட்டது. தாக்குதல் வரும் என்று முன்பே எச்சரிக்கை கிடைத்திருந்ததால், ஹெர்மிஸ் என்ற பிரிட்டிஷ் விமானம் தாங்கிக் கப்பல் முதல் நாள் இரவே துறைமுகத்தை விட்டுக் கிளம்பிக் கரையோரமாகத் தெற்கே போயிருந்தது. ஆரம்பத்திலிருந்தே விமானம் தாங்கியாக வடிவமைக்கப்பட்ட உலகின் முதல் கப்பல் அதுதான். அன்று அதன் தளத்தில் ஒரு விமானம்கூட இல்லை. ஹருனா என்ற போர்க்கப்பலிலிருந்து பறந்த மிதவை விமானம் மட்டக்களப்புக்கு அருகே அதைப் பார்த்துவிட்டது. பகல் பதினொரு மணிக்குள் ஹெர்மிஸ் மூழ்கியது. 307 பேர் இறந்தார்கள். துணைக்கு வந்த ஆஸ்திரேலிய நாசகாரிக் கப்பலான வாம்பயரும் தப்பவில்லை. ஹெர்மிஸ் இன்றும் மட்டக்களப்புக் கடலில், ஐம்பது மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் கிடக்கிறது.

அந்த வாரம் வங்கக் கடலின் இந்தப் பக்கத்தையும் உலுக்கியது. ஏப்ரல் 6 அன்று விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. அடுத்தது சென்னைதான் என்று அரசாங்கமே நம்பியது. அவசியமில்லாதவர்கள் ஊரைவிட்டுப் போகலாம் என்று அறிவித்தது. ரயிலிலும் மாட்டுவண்டியிலும் நடந்தும் ஜனங்கள் வெளியேறினார்கள். அந்த நாட்களைப் பற்றித் தாத்தா பாட்டி சொல்லக் கேட்ட குடும்பங்கள் தமிழ்நாட்டில் ஏராளம்.

வெற்றிகளைப் பார்த்தால் வேவு வேலை கச்சிதமாக நடந்தது போலத் தெரியும். உண்மை வேறு. ஏப்ரல் 5 அன்று மிதவை விமானங்கள் இரண்டு குரூசர்களைக் கண்டன. ஆனால் பிரிட்டிஷ் அட்மிரல் சோமர்வில்லின் பிரதான படை, இரண்டு விமானம் தாங்கிகளுடன், அதே கடலில் மேற்கே இருந்ததை அவை காணவேயில்லை. இன்னொன்றும் நடந்தது. கொழும்பை இரண்டாவது முறை தாக்குவதற்காக, டார்பிடோக்களைக் கழற்றிவிட்டுத் தரைக்கான குண்டுகளை மாட்டச் சொல்லியிருந்தார் ஜப்பானியத் தளபதி நகுமோ. நடுவில் டோனே விமானத்தின் தந்தி வந்தது. மறுபடி டார்பிடோ மாட்டு என்று ஆணை. இன்னொரு விமானம் அவை வெறும் நாசகாரிகள் என்று சொல்லிக் குழப்பியது. கடைசியில் டார்பிடோ விமானங்கள் தயாராகவில்லை. செங்குத்துக் குண்டுவீச்சு விமானங்களை மட்டும் அனுப்பினார்கள். எதிரி விமானங்கள் வந்து திருப்பி அடிக்காததால் அன்று பாதகம் ஒன்றும் நேரவில்லை. அதனாலேயே யாரும் பாடம் கற்கவும் இல்லை.

ஏறக்குறைய இரண்டு மாதம் கழித்து, ஜூன் 4 அன்று, அமெரிக்கர் வசமிருந்த மிட்வே தீவுக்கு வடமேற்கே அதே தளபதிக்கு அதே சிக்கல் வந்தது. இந்த முறை எதிரியிடம் மூன்று விமானம் தாங்கிகள் இருந்தன.

விடியற்காலை நாலரை மணிக்கு 108 விமானங்கள் மிட்வேயைத் தாக்கக் கிளம்பின. அந்த மாபெரும் படையின் பக்கவாட்டைக் காக்க, சுற்றியுள்ள கடல் முழுவதையும் தேட, நகுமோ அனுப்பிய வேவு விமானங்கள் எத்தனை? ஏழு. அகாகி, காகா என்ற விமானம் தாங்கிகளிலிருந்து ஒவ்வொன்று, டோனேயிலிருந்தும் சிக்குமாவிலிருந்தும் இரண்டிரண்டு, ஹருனாவிலிருந்து குறைந்த தூரமே போகக்கூடிய பழைய விமானம் ஒன்று. மற்றவை விசிறி மடிப்புபோல ஆளுக்கொரு திசையில் 300 மைல் போய், இடதுபக்கம் 60 மைல் திரும்பி, மீண்டும் வர வேண்டும். ஒரு விமானத்துக்கும் அடுத்ததற்கும் இடையே கடைசி எல்லையில் எவ்வளவு கடல் யாரும் பார்க்காமல் விடுபடும் என்று வரைபடத்தில் கோடு போட்டுப் பார்த்தாலே புரியும். அதே காலையில் அமெரிக்கர்கள் மிட்வேயிலிருந்து தேடலுக்கு மட்டும் இருபதுக்கும் மேற்பட்ட கேட்டலினா பறக்கும் படகுகளை அனுப்பியிருந்தார்கள்.

டோனேயின் நான்காம் எண் விமானம் அரை மணி நேரம் தாமதமாக, ஐந்து மணிக்குத்தான் கிளம்பியது. இந்த அரை மணி நேரம் போர் வரலாற்றில் மிகப் பெயர்பெற்றது. “அது மட்டும் நேரத்துக்குக் கிளம்பியிருந்தால் ஜப்பான் வென்றிருக்கும்” என்று பல புத்தகங்கள் எழுதின. ஜோனதன் பார்ஷலும் ஆன்டனி டல்லியும் 2005இல் எழுதிய ‘ஷாட்டர்ட் சோர்ட்’ இந்தக் கதையை உடைத்தது. தாமதமாகக் கிளம்பிய விமானம் தனக்குச் சொல்லப்பட்ட பாதையை முழுதாக முடிக்காமல் முன்னதாகவே திரும்பியது. அப்படித் திரும்பியதால்தான் அமெரிக்கக் கப்பல்களை அந்த நேரத்தில் கண்டது. பாதைப்படி போயிருந்தால் இன்னும் பிந்தியே கண்டிருக்கும் என்பது அவர்கள் வாதம். உண்மையில் குறை சொல்ல வேண்டுமானால் சிக்குமாவின் முதலாம் எண் விமானத்தைச் சொல்ல வேண்டும். அது ஏறக்குறைய நேரத்துக்கே கிளம்பி, அமெரிக்கப் படை இருந்த பகுதி வழியாகவே போயிற்று. மேகத்துக்கு மேலே பறந்ததால் கீழே இருந்ததைப் பார்க்கவில்லை.

காலை 7:15க்கு நகுமோ ஒரு முடிவெடுத்தார். மிட்வேயை மறுபடி தாக்க வேண்டும். தயாராக வைத்திருந்த விமானங்களில் டார்பிடோவைக் கழற்றித் தரைக்கான குண்டை மாட்டுங்கள் என்றார். 7:28க்கு டோனேயின் விமானத்திலிருந்து தந்தி: மிட்வேயிலிருந்து 240 மைல் தொலைவில், எதிரியுடையவை போலத் தோன்றும் பத்துக் கப்பல்கள்.

பத்துக் கப்பல், சரி. என்ன கப்பல்? தந்தியில் அது இல்லை. சங்கேதத்தை அவிழ்த்து அது தளபதியின் கைக்கு வரவே பத்து நிமிடத்துக்கு மேல் ஆனது. கப்பலின் ரகத்தைப் பார்த்துச் சொல் என்று பதில் போனது. 8:09க்கு வந்த பதில்: ஐந்து குரூசர், ஐந்து நாசகாரி. தளபதி இருந்த அகாகியின் மேடையில் எல்லோருக்கும் நிம்மதி. 8:20க்கு அடுத்த தந்தி: பின்னால் விமானம் தாங்கி போன்ற ஒன்று வருகிறது.

ஐம்பத்திரண்டு நிமிடம். நாற்காலியில் உட்கார்ந்து படிக்கும் நமக்கு அந்த மூன்று பேர்மீது கோபம் வருவது எளிது. அவர்கள் இருந்த நிலையை நினைத்துப் பார்க்க வேண்டும். அருகே போனால் அமெரிக்கச் சண்டை விமானங்கள் சுட்டு வீழ்த்திவிடும்; சுடப்பட்டால் தந்தியே வராது. அதனால் மேகத்துக்குள் ஒளிவதும் வெளியே வந்து எட்டிப்பார்ப்பதுமாக, அடிவானத்தில் புள்ளிகளாகத் தெரியும் கப்பல்களின் உருவத்தை ஊகிக்க வேண்டியிருந்தது. விமானம் தாங்கிகள் பல மைல் பரப்பில் பிரிந்து போய்க்கொண்டிருந்தன. அனுப்பிய இடக்குறிப்பிலும் பிழை இருந்தது. மணிக்கணக்கில் பென்சில் கோட்டை நம்பிப் பறந்த ஒருவருக்கு அது நேரக்கூடியதே. பழி அவர்களுடையது என்று நான் நினைக்கவில்லை. பரந்த ஒரு கடலுக்கு ஏழு ஜோடி கண் போதும் என்று முந்தின நாட்களில் திட்டம் போட்டவர்களுடையது.

இன்னும் கசப்பான விஷயம் ஒன்று. 7:28க்கு முதல் தந்தி அடிக்கப்பட்டபோது என்டர்பிரைஸ், ஹார்னெட் என்ற விமானம் தாங்கிகளிலிருந்து அமெரிக்க விமானங்கள் ஏற்கெனவே கிளம்பத் தொடங்கியிருந்தன. கேட்டலினா ஒன்று காலை ஐந்தரை மணி வாக்கிலேயே ஜப்பானியப் படையைப் பார்த்துச் சொல்லிவிட்டது. 10:20ஐத் தாண்டிய சில நிமிடங்களில் அகாகி, காகா, சோர்யூ ஆகிய மூன்று ஜப்பானிய விமானம் தாங்கிகளும் எரியத் தொடங்கின. மாலையில் இன்னொரு விமானம் தாங்கியான ஹிர்யூவும் அடிபட்டது. கழற்றிய குண்டுகளும் எரிபொருள் நிரப்பிய விமானங்களும் கப்பல்களுக்குள் இருந்ததால் தீயை அடக்க முடியவில்லை.

அன்று சோர்யூவில் ஒரு புது ரக அதிவேக வேவு விமானமும் இருந்தது. காலை எட்டரை மணிக்குப் பின் அதை அனுப்பினார்கள். அது போய் அமெரிக்க விமானம் தாங்கிகளைப் பார்த்தது. ஆனால் வானொலி பழுதாகிவிட்டது. செய்தியைச் சொல்லத் திரும்பி வந்தபோது தாய்க்கப்பல் எரிந்துகொண்டிருந்தது. ஹிர்யூவில் இறங்கித்தான் விஷயத்தைச் சொல்ல முடிந்தது. ஹிர்யூவின் விமானங்களை அமெரிக்க விமானம் தாங்கியான யார்க்டவுனிடம் கூட்டிக்கொண்டு போனது சிக்குமாவின் இன்னொரு மிதவை விமானம். அமெரிக்கப் படையை விடாமல் ஒட்டியே பறந்து, இடத்தைச் சொல்லிக்கொண்டே இருந்தது. அந்த வேலையைச் செய்ய ஆள் இருந்தது, திறமையும் இருந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

மிட்வேக்குப் பிறகும், இரவுச் சண்டையில் மிதவை விமானங்கள் அபாரமாகப் பயன்பட்டன. 1942 ஆகஸ்ட் 8 நள்ளிரவை ஒட்டி, பசிபிக்கில் குவாடல்கனால் தீவுக்குப் பக்கத்தில் உள்ள சாவோ தீவை நோக்கி ஜப்பானியக் குரூசர்கள் வந்தன. முன்கூட்டியே அனுப்பிய மிதவை விமானங்கள் விளக்கு எரிய விட்டபடி நேசநாட்டுக் கப்பல்களின் தலைக்கு மேலேயே வட்டமடித்தன. விளக்கு எரிவதால் நம் விமானம்தான் போலிருக்கிறது என்று கீழே இருந்தவர்கள் நினைத்துக்கொண்டார்கள். உரிய நேரம் வந்ததும் மேலேயிருந்து ஒளிக்குண்டுகள் விழுந்தன. பின்னாலிருந்து வந்த வெளிச்சத்தில் நேசநாட்டுக் கப்பல்கள் நிழலுருவாகத் தெரிந்தன. நான்கு நேசநாட்டுக் குரூசர்கள் மூழ்கின. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

1943க்குப் பிறகு நிலைமை தலைகீழானது. அமெரிக்கக் கப்பல்களின் ராடார், விமானம் வருமுன்பே அதைக் கண்டுபிடித்தது. ஹெல்கேட் போன்ற சண்டை விமானங்களுக்கு ஜேக் மிக எளிய இரை. கவசம் கிடையாது. எரிபொருள் தொட்டிக்குப் பாதுகாப்பும் கிடையாது. ஒரு சில விமானங்களில் ராடாரையும், நீர்மூழ்கியின் இரும்பைக் காந்தப் புலத்தால் உணரும் கருவியையும் பொருத்திப் பார்த்தார்கள். கரையோரம் நீர்மூழ்கி தேடுவது, இரவில் ரோந்து போவது என்று வேலை சுருங்கிக்கொண்டே போனது. ஐச்சி நிறுவனமே ஈ16ஏ என்ற அடுத்த மிதவை விமானத்தைக் கொண்டுவந்தது. ஆனால் மிதவைகளைச் சுமந்துகொண்டு பறக்கிற எதுவும் அன்றைய சண்டை விமானங்களிடம் தப்பிக்க முடியாது என்ற நிலை வந்துவிட்டது. போரின் கடைசியில் தற்கொலைத் தாக்குதலுக்கும் ஜேக் விமானங்கள் அனுப்பப்பட்டன. பார்த்துவிட்டுத் திரும்பி வருவதற்காகவே உருவாக்கிய விமானத்தை, திரும்பி வராமல் இருப்பதற்காக அனுப்பினார்கள். மற்றத் தோல்விகளைவிட இது மனதை அதிகம் வருத்துகிறது.

டோனேயும் சிக்குமாவும் போர் முடிவதைப் பார்க்கவில்லை. சிக்குமா 1944 அக்டோபரில் சமார் தீவுக்கு அருகே மூழ்கியது. டோனே 1945 ஜூலையில், எரிபொருள் இல்லாமல் ஜப்பானின் சொந்தக் கரையோரம் நங்கூரமிட்டிருந்தபோது, அமெரிக்க விமானங்களின் குண்டுகளில் அடிபட்டுத் தரைதட்டி அமர்ந்தது.

அவை சுமந்த ரக விமானத்தை இன்று பார்க்க விரும்புகிறவர்களுக்கு வழி இருக்கிறது. பசிபிக்கில் பலாவு நாட்டின் கோரோர் தீவுக்கு அருகே, சுமார் பதினைந்து மீட்டர் ஆழத்தில், ஜேக் விமானம் ஒன்று பவளப் பாறைமேல் பெருமளவு உருக்குலையாமல் உட்கார்ந்திருக்கிறது. முக்குளிப்பவர்கள் அதைப் பார்க்கவே போகிறார்கள். ஜப்பானில் ககோஷிமா மாநிலத்தின் ஃபுகியாகே கடற்கரைக்கு அப்பால் கடலடியில் கிடந்த இன்னொன்றை 1992இல் தூக்கி எடுத்தார்கள். அது மினாமிசத்சுமா ஊரில், பன்செய் தற்கொலைப் படையினருக்கான அமைதி நினைவு அருங்காட்சியகத்தில், கடலிலிருந்து எடுத்த சிதைந்த நிலையிலேயே வைக்கப்பட்டிருக்கிறது.